பசியில் படித்த பாஷை

புலம்பெயர்ந்த எங்களிடம் இரண்டு பாஷைப் பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதிக் கொடுப்பது: தமிழ், ஆங்கிலம், டொச் அல்லது பிரெஞ்சு. மற்றதை ஒருவரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. அவை வந்த வழியில் ஒட்டிக்கொண்ட பாஷைகள். மொஸ்கோவில் மூன்று கிழமை நின்றவருக்கு ரஷ்ய மொழியில் நாற்பது சொல் தெரியும். துருக்கியால் வந்தவருக்குத் துருக்கியில் எண்ணத் தெரியும். கீவ் நகரத்தில் ஒரு மாரிகாலம் முழுக்க அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு உக்ரேனிய மொழியில் நூற்றுச் சொச்சம் சொற்கள் தெரியும். அவற்றில் முக்கால்வாசி சாப்பாட்டுச் சொற்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மாணவன் ஒரு பாஷைக்குள் இலக்கணத்தால் நுழைவான். வியாபாரி எண்களால் நுழைவான். காதலித்தவன் பாட்டால் நுழைவான். விசா இல்லாதவன் வயிற்றால்தான் நுழையவேண்டும்.

தொண்ணூறுகளில் அந்தப் பாதையால் வந்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கீவ், பிறகு மேற்கே உஷ்ஹொரொட் பக்கம், கார்ப்பாத்திய மலை, சுலோவாக்கியா, அதற்கப்பால் ஜேர்மனி. ஏஜென்சிக்காரனின் வாயில் அது பத்து நாள் பயணம். நாங்கள் பதினொரு பேர் 1998 ஐப்பசியில் கீவ் வந்து இறங்கினோம். வெளிக்கிட்டது 1999 பங்குனியில்.

ஆற்றுக்கு இடதுகரையில், ஒன்பதாம் மாடியில், இரண்டு அறை. சன்னலடியில் நிற்கக்கூடாது, சத்தமாகக் கதைக்கக்கூடாது, படியால் இறங்கக்கூடாது என்று கட்டளை. பாணும் முட்டையும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து தந்தவன் மூன்றாம் கிழமையோடு வருவதை நிறுத்திக்கொண்டான். பிறகு பசி கட்டளையை விடப் பெரிதாகிவிட்டது. இரண்டு இரண்டு பேராக வெளியே போகத் தொடங்கினோம்.

நாங்கள் போன இடத்தை உணவகம் என்று சொல்வது அதிகம். 'யிதால்ன்யா' என்று பலகையில் எழுதியிருக்கும். 'சாப்பிடுகிற இடம்' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. சோவியத் காலத்தில் தொழிற்சாலைத் தொழிலாளருக்காகத் தொடங்கிய சாப்பாட்டுக்கூடங்களின் மிச்சம். ஒரு தட்டத்தை எடுத்துக்கொண்டு கம்பிகளின்மேல் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடுப்பும் தலைத்துணியும் கட்டிய பெண்கள் அள்ளி வைப்பார்கள். அங்கே சாப்பாட்டுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். 'பேர்ஷே' என்றால் முதலாவது, அது சூப். 'த்ருஹே' இரண்டாவது, அது இறைச்சியோ மீனோ உருளைக்கிழங்கோடு. 'த்ரேத்யே' மூன்றாவது, பழம் அவித்த இனிப்புத் தண்ணீர். பாஷை தெரியாதவனுக்கு இதைவிட வசதியான சாப்பாட்டுக்கடை உலகத்தில் இருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டினாலே போதும்.

ஆனால் மாஸ்ரர் விரல் காட்டச் சம்மதிக்கவில்லை. அவர் வடமராட்சியில் கணிதம் படிப்பித்தவர், எங்களில் மூத்தவர். "விரல் காட்டிச் சாப்பிடுறது ஊமையன்ரை சாப்பாடடா தம்பி. காசு குடுக்கிறம், கேட்டுச் சாப்பிடுவம்" என்றார். ஒரு நாற்பது தாள் கொப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாக்கினார். முதற்பத்தியில் தமிழ் எழுத்தில் உக்ரேனியச் சொல். இரண்டாவதில் அர்த்தம். மூன்றாவதில் 'எப்போது சொல்வது'. இரவில் ஒன்பதாம் மாடியில் பதினொரு பேரும் வட்டமாக இருந்து, சத்தம் வெளியே போகாமல், அந்தக் கொப்பியைப் பாடமாக்கினோம்.

*

சொல்லித்தர ஒரு ஆச்சி கிடைத்தாள். யிதால்ன்யாவில் வெறுங்கோப்பைகளைச் சேர்த்து எடுப்பவள். எழுபது வயது மதிக்கலாம், பொல்த்தாவாப் பக்கத்துக் கிராமத்தாள். அந்நாட்களில் கீவில் பெயர்ப்பலகைகள் உக்ரேனிய மொழியில் இருந்தாலும் தெருவில் வாய்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான் பேசும். எங்களுக்கு வித்தியாசம் தெரியாது. மொஸ்கோவில் பழகிய 'ஸ்பசீபா'வை ஆச்சியிடம் சொன்னோம். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் "தியாக்குயு" என்றாள். நாங்கள் திருப்பிச் சொல்லும்வரை நகரவில்லை.

மாஸ்ரர் அன்றிரவு எழுதினார்: 'தியாக்குயு: நன்றி. தியாகம் என்று ஞாபகம் வைக்கவும்.'

ஆச்சி எங்களை 'ஹ்லொப்ட்ஸி' என்று கூப்பிடுவாள். அது எங்கள் 'பெடியள்' என்பதற்கு அச்சொட்டான சொல் என்பதைப் பிறகு அறிந்தோம். ஐம்பது வயது மாஸ்ரரும் அவளுக்குப் பெடியன்தான்.

அந்தக் கொப்பியின் முதற்பக்கங்களை இன்றும் பார்க்காமல் சொல்வோம். ஹ்லிப் பாண். வொதா தண்ணீர். சில் உப்பு. ரிபா மீன். கூர்க்கா கோழி, 1987இல் ஊருக்குள் வந்த கூர்க்காப் படையை நினைத்து நாங்கள் சிரித்த சிரிப்பின் காரணத்தை ஆச்சிக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. ஸ்வினினா பன்றி. யாலொவிச்சினா மாடு. ச்சஸ்னிக் உள்ளி. ட்சிபூல்யா வெங்காயம். ட்சூக்கொர் சீனி, அது சமஸ்கிருதத்துச் சர்க்கரை, பாரசீகமும் அரபும் ஐரோப்பாவும் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தது. சோற்றுக்கு 'ரிஸ்' என்பார்கள். அது எங்கள் அரிசியிலிருந்துதான் போனது என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொன்னார். மொழியியல்காரர் அதில் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தக் குளிரில் அந்த நம்பிக்கை ஒரு போர்வை மாதிரி இருந்தது.

சூப்புக்குப் பெயர் 'போர்ஷ்ச்'. பீற்றூட், கோவா, உருளைக்கிழங்கு, மேலே ஒரு கரண்டி புளித்த ஆடை. போருக்கு ஓடிவந்தவனுக்கு முதற்சாப்பாடும் போர்தானா என்று கேட்டுக்கொண்டே குடித்தோம். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து அவித்த 'வரேனிக்கி'யைக் கண்டபோது ஒருவரும் பெயர் கேட்கவில்லை. கொழுக்கட்டை என்று சொல்லிக்கொண்டு கை நீட்டினோம். அதன் ஓரத்தை அவர்கள் மடித்துப் பின்னும் விதம்கூட அம்மாவின் கை மாதிரியே இருந்தது.

சைவக்காரர் இருவருக்குத்தான் திண்டாட்டம். 'பெஸ் ம்யாசா' என்றால் இறைச்சி இல்லாமல். அதைக் கேட்டால் தலையாட்டிவிட்டு, இறைச்சி இல்லை, கோழி மட்டும்தான் என்று கொண்டுவந்து வைப்பார்கள். காய்கறி மட்டும் மிதக்கிற சூப்பும் எலும்பு அவித்த தண்ணீராக இருக்கும். ஆச்சிதான் சரியான சொல்லைத் தந்தாள்: 'பிஸ்னே'. விரதச் சாப்பாடு என்று அர்த்தம். கிழக்குத் திருச்சபைக்காரருக்குப் புதனும் வெள்ளியும் விரதநாள். இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கு. வெள்ளிக்கிழமை 'பிஸ்னே' என்று கேட்டால் எங்கள் சைவத்தை விடச் சுத்தமான சைவம் வரும். இறைச்சி வேண்டாம் என்று சொல்கிறவனை விசித்திரமாகப் பார்த்த அதே பெண்கள், விரதம் என்று சொன்னவனை மரியாதையோடு பார்த்தார்கள். இன்றைக்கும் உக்ரேனிய உணவகத்துக்குப் போகும் சைவக்காரருக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய ஒரே ஒரு புத்திமதி இந்தச் சொல்தான்.

உறைப்பு வேண்டுமென்றால் 'ஹொஸ்த்ரே'. கூர் என்று அர்த்தம். கத்திக்கும் அதுதான், மிளகாய்க்கும் அதுதான். கேட்டால் கடுகு அரைத்த விழுதைத் தருவார்கள். அது மூக்கால் ஏறும், நாக்கில் நிற்காது. பச்சைமிளகாய்க்கு ஏங்கிய எங்களுக்கு அதுவும் ஏதோ உறவினர் வந்ததுபோல் இருந்தது.

*

மரியாதைச் சொற்களில்தான் எங்களுக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. தமிழில் சாப்பாட்டு மேசையில் 'தயவுசெய்து' சொல்லும் வழக்கம் இல்லை. 'கொஞ்சம் சொதி விடுங்கோ' என்றால் அந்த 'ங்கோ'வுக்குள்ளேயே தயவும் மரியாதையும் இருக்கிறது. அங்கே அதைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும்: 'புத் லாஸ்க்கா'. கேட்பவரும் புத் லாஸ்க்கா சொல்வார், கொடுப்பவரும் புத் லாஸ்க்கா சொல்வார், நன்றி சொன்னால் பதிலுக்கும் புத் லாஸ்க்காதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சாப்பாடு முழுவதையும் முடித்துவிடலாம்.

அதன் முதலெழுத்து 'அம்பு' என்பதில் வரும் பகரம். எங்கள் வாயில் சொல்லின் தொடக்கத்தில் அது வராது; 'பல்லு'வில் வருகிற பகரம்தான் வரும். ஆச்சி சிரிப்பாள், தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள், திரும்பச் சொல்லச் சொல்லுவாள். இன்னொரு எழுத்து எங்களுக்கு இலேசாக வந்தது. ரஷ்யர் அழுத்திச் சொல்லும் இடத்தில் உக்ரேனியர் மூச்சை விடுவார்கள். மாஸ்ரர் அதைக் கண்டுபிடித்துக் கொப்பியில் குறித்தார்: 'மகள், அகதி என்ற சொற்களின் நடுவில் வரும் ககரம்.' மேசையில் சாப்பிடுகிறவரைக் கடந்து போகும்போது சொல்லவேண்டிய 'ஸ்மச்னோகோ'வின் கடைசி எழுத்து அதுதான். சுவையாக இருக்கட்டும் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரும் சொல்வார்கள். சோறு தின்கிற மனிதரைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது என்பது அவர்கள் முறை. எங்கள் ஊரில் 'சாப்பிட்டாச்சோ?' என்று கேட்பதும் அதே முறைதான்.

மேலும் வேண்டுமென்றால் 'ஷ்ச்சே'. போதுமென்றால் 'தொசித்'. எவ்வளவு என்று கேட்க 'ஸ்கில்க்கி'. கணக்குச்சீட்டுக்கு 'ரஹூனொக்'. தட்டத்தோடு போய்க் காசு கட்டுகிற இடத்தில் ரஹூனொக் கேட்க ஒரு தேவையும் இல்லை. ஆனால் மாஸ்ரர் அதையும் எழுதினார். "ஒருநாள் கதிரையிலை இருந்து சாப்பிடுவம்தானே" என்றார்.

ஜேர்மனிக்கு வந்தபிறகுதான் ஒரு விஷயம் வெளித்தது. இங்கே கடையில் கணக்குச்சீட்டை 'றெஹ்னுங்' என்றார்கள். நன்றிக்கு 'டங்க'. சுவைக்கு 'கெஷ்மாக்'. வெங்காயத்துக்கு 'ட்ஸ்வீபெல்'. எல்லாம் எங்கேயோ கேட்ட குரல்கள். ரஹூனொக், தியாக்குயு, ஸ்மாக் ஆகிய மூன்றும் பழைய ஜேர்மன் மொழியிலிருந்து போலந்து மொழி வழியாக நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்கே போன சொற்கள். ட்சிபூல்யாவும் ட்ஸ்வீபெலும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். சொற்கள் போலந்தைக் கடந்து கிழக்கே போயிருந்தன. நாங்கள் அவற்றுக்கு எதிர்த்திசையில் வந்தோம். அவற்றை எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை.

*

1998 கார்த்திகையில் ஒருநாள் எங்களில் ஒரு தம்பி பாண் துண்டைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டத்தில் வைத்துவிட்டு எழும்பினான். ஆச்சி அதை எடுத்தாள். குப்பையில் போடவில்லை. துணியில் சுற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைச் சொன்னாள்: முப்பத்து மூன்று.

அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவார். அவர்தான் விளங்கப்படுத்தினார். 1932லும் 1933லும் ஸ்டாலினின் ஆட்சி உக்ரேனியக் கிராமங்களில் தானியத்தை வாரிக்கொண்டு போனது. 1932 ஓகஸ்ட் 7ஆந் திகதிச் சட்டப்படி கூட்டுப்பண்ணை வயலில் சில கதிர் பொறுக்கினாலும் குற்றம்; ஐந்து கதிர்ச் சட்டம் என்று சனம் அதற்குப் பெயர் வைத்தது. உலகத்தின் மிக வளமான கரிசல் மண்ணில் இலட்சக்கணக்கில் செத்தார்கள். ஹொலொதொமோர், பட்டினியால் கொல்லுதல், என்பது அதன் பெயர். அதைப்பற்றி வாய்திறக்கவும் சோவியத் ஆட்சியில் பல பத்தாண்டுகள் இடமிருக்கவில்லை. நாங்கள் அங்கே இருந்த அந்தக் கார்த்திகையில்தான் அரசாங்கம் நொவம்பர் மாதத்து நாலாம் சனிக்கிழமையை அதற்கான நினைவுநாளாக முதன்முதல் அறிவித்திருந்தது. ஆச்சிக்கு அப்போது ஐந்தாறு வயது. வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதை அவள் விரலால் காட்டினாள். அதற்கு மட்டும் மாஸ்ரர் சொல் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்களில் ஒருவரும் பாண் மிச்சம் விட்டதில்லை. இங்கே பிள்ளைகள் பாண் ஓரத்தைக் கிள்ளி எறியும்போது எங்களுக்கு வரும் கோபத்தின் காரணம் அவர்களுக்குத் தெரியாது.

தை மாதம் 6ஆந் திகதி, அவர்களின் நத்தார் முதல்நாள் இரவு, ஆச்சி ஒரு சட்டியில் 'குத்யா' கொண்டுவந்து தந்தாள். கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் சேர்த்தது. அன்றிரவு மேசையில் பன்னிரண்டு வகை விரத உணவு வைப்பார்களாம். சாப்பிட்டு முடிந்ததும் குத்யாவை மூடாமல் விட்டுவிடுவார்களாம். செத்தவர்கள் இரவில் வந்து சாப்பிடுவார்கள். படையல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்கிற எங்களுக்கு இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 2023இலிருந்து அவர்கள் நத்தாரை டிசெம்பர் 25க்கு மாற்றிக்கொண்டார்கள். மொஸ்கோவின் கலண்டர் இனி வேண்டாம் என்பது அதன் அர்த்தம்.

*

ஒரு சொல்லை ஆச்சி ஏன் அவ்வளவு பிடிவாதமாகத் திருத்தினாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் பிடிபட்டது. 1863இல் சாரின் அமைச்சர் ஒருவரின் சுற்றறிக்கை உக்ரேனிய மொழியில் சமய நூல்களும் பாடநூல்களும் அச்சிடுவதைத் தடுத்தது. 1876இல் எம்ஸ் என்ற ஜேர்மன் ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த சார் மன்னர் இன்னொரு ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டில் அச்சிட்ட உக்ரேனியப் புத்தகத்தைக் கொண்டுவரவும் மேடையில் அந்த மொழியில் நாடகம் போடவும் அது தடை விதித்தது. ஒரு பாஷையைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் மேடையிலிருந்தும் அச்சகத்திலிருந்தும் துரத்தினால் அது கடைசியாகப் போய் ஒளிக்கிற இடம் குசினி. அங்கே போய் அதைப் பறிமுதல் செய்ய எந்தப் பொலிசாலும் முடியாது. ஆச்சியின் பாஷை குசினியில் பிழைத்த பாஷை.

2019இல் அவர்கள் ஒரு மொழிச்சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2021 ஜனவரி 16ஆந் திகதியிலிருந்து கடைகளிலும் உணவகங்களிலும் வாடிக்கையாளரோடு உக்ரேனிய மொழியில்தான் பேச்சைத் தொடங்கவேண்டும். இதைக் கேட்டதும் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தில் அடிபட்ட சனம் நாங்கள். அரச மொழி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உடம்பு கூசும். ஒருவர், "இதுவும் அதுதான்" என்றார். மற்றவர், "அது பெரும்பான்மை தன்னை விடச் சின்னனை மிதிச்சது, இது மிதிபட்டது எழும்புறது" என்றார். வாடிக்கையாளர் கேட்டால் இருவருக்கும் வசதியான வேறு மொழியில் பேச அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்பதும் உண்மை. கொழும்புக் கந்தோர்களில் எங்களுக்கு அந்த இடம் தரப்படவில்லை. ஆனாலும் வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த ஒரு கிழவி அங்கே என்ன நினைத்திருப்பாள் என்ற கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. மொழிக்காக அடிபட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

*

1999 பங்குனியில் எங்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மாஸ்ரர் முதற்குழுவில். போகும்போது கொப்பியை எங்களிடம் தந்துவிட்டார். "இனி இது உங்களுக்குத்தான் தேவை. நான் ஜேர்மனியிலை புதுக்கொப்பி தொடங்கப்போறன்" என்றார். பனி முழுக்க உருகாத மலைக்காட்டில், எல்லைக்குக் கிட்ட, பொலிசின் வெளிச்சத்தைக் கண்டு அந்தக் குழு சிதறியது. நால்வர் வந்து சேர்ந்தார்கள். மாஸ்ரர் வரவில்லை. பிடிபட்டவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை, திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலிலும் இல்லை. ஊரில் அவர் மனைவி வருடா வருடம் எங்களிடம் கேட்கிறார். நாங்களும் வருடா வருடம் ஒரே பதிலைச் சொல்கிறோம். கொப்பியின் போட்டோப்பிரதி ஒன்றை அவருக்கு அனுப்பினோம். கையெழுத்து அவருடையதுதான் என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

பிறகு அந்தச் சொற்கள் இருபத்திரண்டு வருடம் சும்மா கிடந்தன. 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் நுழைந்தது. தொலைக்காட்சியில் சுரங்கரயில் நிலையங்களில் படுத்திருந்த சனத்தைக் கண்டோம். எங்களில் ஒருவர், "அது நாங்கள் ஏறின ஸ்ரேசன்" என்றார்.

அந்நாட்களில் ஒரு பாண் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'பல்யனித்ஸ்யா', மேலே ஒரு கீறல் போட்டுச் சுடும் வட்டப் பாண். வந்தவன் உள்ளூரானா ரஷ்யனா என்று அறிய அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். ரஷ்ய வாயில் அது சரியாக வராது. செய்தியை வாசித்துவிட்டு நாங்கள் சிறிது நேரம் பேசவில்லை. 1983 ஆடியில் கொழும்புத் தெருக்களில் எங்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அம்பில் வருகிற அந்தப் பகரம்தான். அது வராத வாய்க்கு உயிர் போனது. அதே எழுத்துக்காக ஆச்சி எங்களைப் பார்த்துச் சிரித்துத் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். படையெடுத்து வந்தவனைக் கண்டுபிடிக்க ஒரு சொல்லை வைப்பதும், அயலவனைக் கொல்ல ஒரு சொல்லை வைப்பதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் அறிவோம். ஆனாலும் நாக்கில் வைத்து மனிதரைப் பிரிக்கும் வேலையைக் கேட்டால் எங்களுக்கு வாய் உலரும்.

அந்த வருடம் மார்ச் 4ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியம், 2001இல் எழுதிவைத்து ஒருநாளும் எடுத்துப் பார்க்காத தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முதல் நடைமுறைப்படுத்தியது. உக்ரேனியர் வந்ததும் வதிவிட அனுமதி, வேலை செய்யும் உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எங்களில் சிலர் எட்டு வருடம் ஒரு கடதாசித் துண்டோடு, வேலை செய்யத் தடையோடு, நகர எல்லையைத் தாண்ட அனுமதி கேட்டுக்கொண்டு இருந்தவர்கள். மனம் கசக்கவில்லை என்று சொன்னால் பொய். கோயில் அன்னதானத்தில், கடைகளில், கலியாணவீடுகளில் இதே பேச்சு. வெள்ளைத்தோலுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம் என்று சொன்னவர்களில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தக் கணக்குச்சீட்டைக் கொடுக்கவேண்டியது சட்டம் செய்தவர்களிடம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறவளிடம் கொடுக்கமுடியாது.

எங்களில் இருவர் வேலைசெய்யும் உணவகத்தின் குசினிக்கு, கோப்பை கழுவ, ஹார்கிவ் நகரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ஊரில் கணக்காளராக இருந்தவள். இடைவேளையில் அவள் ஒதுங்கியிருந்து சாப்பிடும்போது நாங்கள் "ஸ்மச்னோகோ" என்றோம். அவள் கரண்டியை வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கறுத்த மனிதர்கள், பொல்த்தாவாக் கிழவியின் வாயால்.

பிறகு கதைத்தபோது விளங்கியது. அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் ரஷ்ய மொழிதான். குண்டு விழத்தொடங்கியபின் இனி அந்த மொழி வாயில் வரக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறாள். ஆனால் நாக்கு கேட்கவில்லை. உருளைக்கிழங்கை 'கர்த்தோஷ்கா' என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி 'கர்த்தொப்ல்யா' என்று திருத்துவாள். வெங்காயத்துக்கு 'லூக்' என்று வாய் போகும். நாங்கள் "ட்சிபூல்யா" என்போம். மாஸ்ரரின் கொப்பியை அவளிடம் காட்டினோம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நாங்கள் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, அவள் தன் எழுத்தில் பக்கத்தில் எழுதினாள். நாலாவது பத்தி அப்படித்தான் வந்தது. 2022 ஜூலை 1ஆந் திகதி போர்ஷ்ச் சமைக்கும் உக்ரேனிய மரபை யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்த செய்தியையும் அவள்தான் சொன்னாள். ஒரு சூப்புக்கும் பாதுகாப்புத் தேவைப்படுகிற காலம் என்று சிரித்தாள்.

கொப்பியில் இல்லாத சொற்களை இப்போது அவள் சொல்லித் தருகிறாள். யிதால்ன்யாவில் மேசை ஒதுக்குவதில்லை. ஆகவே மேசை கேட்கும் சொல் மாஸ்ரரிடம் இருக்கவில்லை. 'ஸ்தில் நா ச்சொத்திர்யோக்' என்றால் நாலு பேருக்கு மேசை. கீவில் கதிரையில் இருந்து, பட்டியலைப் பார்த்து, கணக்குச்சீட்டுக் கேட்டு ஒருமுறை சாப்பிடவேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள ஆசை. எத்தனை பேருக்கு என்று கேட்டாள். பதினொன்று என்றோம்.

அவள் எழுதித் தந்தாள்: 'ஒதினாட்ஸ்யத்யோக்'. இலேசில் வாய்க்குள் நுழைகிற சொல் இல்லை. இன்னும் பழகிக்கொண்டிருக்கிறோம்.